அச்சு விலை அக்கா

டிக்கெட் கைக்கு வந்ததும் அவர் விலையைப் பார்ப்பதில்லை, இருக்கை எண்ணையும் பார்ப்பதில்லை. கட்டைவிரலால் அதன் கிழிந்த ஓரத்தை ஒரு முறை தடவுவார். பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். அதற்கப்புறம்தான் டிக்கெட்டை நீட்டியவரின் முகத்தைப் பார்ப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி அவர் பார்த்த முகங்களில் ஒன்று என்னுடையது.

அரங்கத்தின் வடக்கு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்னோடு கச்சேரிக்கு வரவேண்டிய அறைத்தோழனுக்குக் கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டதால் கையில் ஒரு டிக்கெட் மிச்சம். தோளில் பையும் காலில் ஓட்டப் பந்தயக்காரர்கள் போடும் காலணியுமாக ஓர் அம்மா வந்தார். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போகும் டீச்சர் என்றே நினைத்தேன்.

"எவ்வளவுப்பா?"

"அறுநூத்தி அம்பதுங்க."

"அறுநூறுன்னுதானே அச்சடிச்சிருக்கு?"

"அம்பது பஸ் காசுங்க."

"பஸ் காசை பஸ்ல குடுங்க தம்பி. அதை எதுக்கு எங்கிட்ட கேக்கறீங்க?" என்றபடி பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். கேளிக்கை உரிமப் பிரிவு, ஆய்வாளர்.

"டிக்கெட்டுக்குப் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அச்சில் வந்த எதையும் கடைசி வரி வரை படிக்காமல் விடமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "படிச்சேங்க. மொத்தம் பதினாலு விதி" என்றேன்.

"ஒன்பதாவது?"

"அச்சிட்ட விலைக்கு மேல் எவரும் மறுவிற்பனை செய்தல் கூடாது." எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டேன்.

என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தவர், வாசலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல, இதைப் படிச்சுட்டு வந்து தப்பு பண்ணின முதல் ஆள் நீங்கதான். படிக்காதவனை எச்சரிக்கை பண்ணி விட்டுடுவேன். உங்களுக்கு ரசீது போட்டே ஆகணும்."

அந்த அபராதத்தைக் கட்ட நான் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. நகராட்சிக் கட்டடத்தில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு இரண்டாவது மாடி. நான் அங்கே இளநிலை உதவியாளர். அவருடைய ஒன்பதாம் எண் அறை தரைத்தளத்தில் இருந்தது. படி இறங்கினால் போதும். கட்டிவிட்டுத் திரும்பும்போது, "மேல இருந்துகிட்டா இந்த வேலை பார்த்தீங்க!" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து பழக்கம்.

கள்ள டிக்கெட் விற்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் அச்சு விலை அக்கா. எதைக் கேட்டாலும் "அச்சுல என்ன இருக்கோ அதுதான்" என்பார். அதனால் வந்த பெயர். வயது நாற்பத்தாறு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்துபவர். அக்காவின் பையில் எப்போதும் கிடக்கும் சின்னப் பூதக்கண்ணாடி அவர் செய்து கொடுத்தது. போலி டிக்கெட்டில் எழுத்தின் ஓரம் லேசாகக் கசிந்திருக்குமாம். அதில் பார்த்தால் புழு நெளிவது போலத் தெரியும். ஒரு நாள் எனக்கும் காட்டினார். "வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாக்கூட சீரியல் நம்பரைத்தாங்க முதல்ல பார்ப்பா" என்று கணவர் அலுத்துக்கொள்வார். "பார்த்ததுனாலதானே போன மாசம் பழசைத் திருப்பி அனுப்பினேன்?" என்பார் அக்கா.

எந்த வரிசையையும் அவர் வாலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார். "தலையில நிக்கறவன் சந்தோஷமா இருப்பான், அவனைக் கேட்டு என்ன பிரயோஜனம்? வாலைக் கேட்டாத்தான் விஷயம் வெளிய வரும்." வாலில் நிற்கிறவர்கள் பக்கம்தான் கள்ள டிக்கெட்காரர்களும் வருவார்கள். அவர் தலை தெரிந்ததும், "மழை வருது, மழை வருது" என்று ஒருவர் மற்றவருக்குக் குரல் கொடுப்பார்கள். அது அவர்களுடைய எச்சரிக்கை. சுள்ளென்று வெயில் அடிக்கும் ஒரு மதியம், அதைக் கேட்டதும் அக்கா நிதானமாகப் பையிலிருந்து குடையை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடுவிலேயே நடந்து போனார். ஓட வேண்டியவர்கள் ஓடாமல் நின்று சிரித்தார்கள். சிரித்ததில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள்.

அவர்களுடைய தலைவரை எல்லாரும் தொப்பி என்றே கூப்பிடுவார்கள். கோடையிலும் குளிரிலும் ஒரே நீலத் தொப்பி. அக்காவைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் வாய் நிறைய "அக்கா" என்பார். "நீங்க எனக்கு அண்ணன் முறைய்யா, எதுக்கு அக்காங்கறீங்க?" என்று அக்கா கடிந்துகொண்டால், "பயத்துக்கு வயசு ஏதுக்கா?" என்பார். நாற்பத்தொரு முறை அபராதம் கட்டியிருக்கிறார். எல்லா ரசீதுகளையும் தேதிவாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறார். ஒரு முறை அலுவலகத்தில் ஒரு ரசீதின் நகல் காணாமல் போனபோது, தொப்பியின் கோப்பிலிருந்துதான் பிரதி எடுத்தார்கள்!

இவர்களை விரட்டிப் பிடித்து அபராதம் போடுவதோடு அக்கா நின்றிருந்தால் நான் இதை எழுதப்போவதில்லை. அவர் ஒரு ஜன்னலைத் திறந்தார்.

விஷயம் எளிமையானது. கையில் டிக்கெட் இருக்கிறது, போக முடியவில்லை. என்ன செய்வது? வாசலில் நின்று விற்றால் என்னைப் போல ஆசை வரும். அதனால் அரங்கத்தின் பக்கத்திலேயே நகராட்சி ஒரு ஜன்னல் வைக்க வேண்டும். இடது பக்கம் டிக்கெட்டைக் கொடுத்துப் படிவம் நிரப்ப வேண்டும். உடனே அந்த எண் ரத்தாகும். வலது பக்கம் வரிசையில் நிற்கும் அடுத்த ஆளின் பெயருக்கு, அதே விலையில், புது டிக்கெட் அச்சாகும். விற்றதும் கொடுத்தவருக்குப் பணம் போய்விடும். யாருக்கும் லாபமில்லை, நட்டமில்லை. இதை விதியாக எழுதி, திருத்தி, மேலே அனுப்பி, திரும்பி வந்ததை மறுபடி அனுப்பி, நான்கு வருஷம் போராடினார். கடைசியில் ஆறு மாதம் சோதனை ஓட்டம் என்று நகர மன்றக் குழு அனுமதி கொடுத்தது.

போட்டிக்கு ஒரு செயலி நிறுவனம் காத்திருந்தது. மறுவிற்பனையை எங்களிடம் விடுங்கள், கூட்டத்தைப் பொறுத்து விலை தானே ஏறும், தானே இறங்கும், உங்களுக்கும் ஒரு பங்கு என்று குழுவுக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அக்கா கேட்டார்: "தானே ஏறின விலையை நான் இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்லையே. யாராவது ஒருத்தன் ஏணியைப் பிடிச்சிருப்பானே?"

சோதனை ஓட்டத்தின் கடைசி நிகழ்ச்சி, அந்த வருஷத்தின் மிகப் பெரிய கச்சேரியாக அமைந்துவிட்டது. பாடகியின் பெயரைச் சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் கத்துவார்கள். ஒன்பதாயிரம் இருக்கைகளும் பதினோரு நிமிஷத்தில் தீர்ந்தன. அன்றைக்கு ஜன்னல் எப்படி நடக்கிறது என்று அக்காவின் மேலதிகாரி நேரில் பார்த்து அறிக்கை எழுதுவார். அதை வைத்துக் குழு முடிவெடுக்கும். ஜன்னல் ஜெயித்தால் நிரந்தரம். தோற்றால், செயலிக்காரர்களுக்கு ஏணி.

வியாழக்கிழமை அக்கா படியேறி எங்கள் பிரிவுக்கு வந்தார். "தம்பி, உங்க கையெழுத்து நல்லா இருக்குமா?"

"இருக்கும்க்கா." எங்கள் ஊரில் வங்கிப் படிவம் முதல் பட்டா மனு வரை நான் நிரப்பாத தாள் இல்லை.

"எங்க ஆளு ரெண்டு பேர் லீவு. சனிக்கிழமை வந்து படிவம் எழுதணும். சாப்பாடு என் செலவு."

ஒரு காலத்தில் சைக்கிள் டோக்கன் கொடுத்த அறை அது. இரண்டு மேசை, கணினியோடு ஓர் ஊழியர், ஒரு மின்விசிறி, தொட்டால் சுடும் ஓர் அச்சு இயந்திரம், சுவரில் இரண்டு ஜன்னல்கள். மதியம் பன்னிரண்டுக்குத் திறந்தோம். வலது ஜன்னலுக்கு வெளியே வரிசை அரங்கத்தைச் சுற்றி வளைந்து மறுபடி எங்கள் கதவருகே வந்து நின்றது. அறுநூறு பேருக்குக் குறையாது. இடது ஜன்னலில் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். அந்த முப்பத்தொன்றும் இரண்டு மணிக்குள் விற்றுத் தீர்ந்தன. பிறகு இடது ஜன்னலில் ஈ கூட உட்காரவில்லை.

மூன்றரை மணிக்கு மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், செய்தித்தாள் என்றால் மட்டும் பயம். "அறுநூறு பேரை வெயில்ல நிக்க வெச்சிருக்கோம். குடுக்க ஒண்ணும் இல்ல. ரிப்போர்ட்ல நான் என்னம்மா எழுதட்டும்?"

"இருக்கறதை எழுதுங்க சார்" என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் காலியாக இருந்த டிக்கெட் தட்டை அவர் நேராக வைத்ததையே மறுபடி மறுபடி நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

வலது ஜன்னலில் ஒரு பெண்ணின் தலை எட்டிப் பார்த்தது. "மேடம், ஜன்னல் தூங்குதா?"

"உங்க நம்பர் என்ன?"

"நூத்தி எண்பத்தெட்டு."

"அப்ப அங்க போய் நில்லுங்க."

தலை மறைந்தது. "யாருக்கா?" என்றேன். "என் பொண்ணு" என்றார்.

மூன்று நாற்பதுக்கு இடது ஜன்னலில் ஒரு நிழல் விழுந்தது. நீலத் தொப்பி. பின்னால் ஐந்து பேர். தொப்பி ஒரு ரெக்சின் பையைத் தூக்கி ஜன்னல் பலகையில் வைத்தார். அதில் பால் பாக்கெட் அடுக்கியது போல டிக்கெட் கட்டுகள்.

"இருநூத்திப் பதினாலுக்கா. எடுத்துக்குங்க."

"என்னய்யா இது?" என்றார் அக்கா.

"போக முடியலைக்கா, வீட்டுல விசேஷம்!" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தொப்பி சிரிக்கவில்லை. "உண்மையைச் சொல்லட்டுமா? காலையில நாலு மடங்கு சொன்னேன். மத்தியானம் ரெண்டு மடங்கு. இப்ப அச்சு விலைக்குத் தர்றேன்னு கெஞ்சறேன், ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான். 'போய்யா, ஜன்னல்ல வாங்கினாத்தான் ஒரிஜினல்'ங்கறான். ஒருத்தரைப் பிடிச்சு அபராதம் போட்டா தாங்குவோம்க்கா. நீங்க எங்க கஸ்டமரையே பிடிச்சுட்டீங்களே!"

மேலதிகாரி அக்காவின் காதருகே வந்தார். "இவங்கிட்ட வாங்கப் போறீங்களா? நாளைக்கு 'கள்ள டிக்கெட்டுக்கு நகராட்சி ஜன்னல்'னு போடுவாங்கம்மா. நாலு மடங்குக்கு வித்தது போக மிச்சத்தை நம்மகிட்ட தள்ளிட்டுப் போவான். இவனுக்கு நட்டமே வராது. இதுக்கா நாம ஜன்னல் வெச்சோம்? ஆளுக்கு இத்தனைதான்னு விதி இருக்குமே?"

அக்கா விதித்தாளை எடுத்தார். மனப்பாடமாகத் தெரிந்ததைத்தான் படித்தார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இல்ல சார். நான் எழுதல."

"என்னது?"

"எண்ணிக்கை எழுதல. பத்தொன்பது வருஷம் இவனுங்களைத் துரத்தியிருக்கேன். ஆனா விதி எழுத உக்காந்தப்ப, காய்ச்சல் வந்த ஒரு குடும்பத்தைத்தான் மனசுல வெச்சுகிட்டு எழுதியிருக்கேன். நாலு பேர், நாலு டிக்கெட். இருநூறோட ஒருத்தன் வருவான்னு தோணவே இல்ல. என் தப்புதான்."

மேலதிகாரி பேனாவை எடுத்தார். "ஒண்ணும் ஆகிடல. இப்பவே ஒரு வரி சேர்த்துடுவோம். ஒருத்தருக்கு நாலு. நான் கையெழுத்துப் போடறேன், போர்டுல எழுதி வெளிய மாட்டுங்க. முடிஞ்சுது."

எனக்கு அது சரியென்றே பட்டது. எழுதுவதற்குச் சாக்கட்டியைக்கூட எடுத்துவிட்டேன். அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"நாளைக்குப் போடுங்க சார், நானே எழுதித் தர்றேன். இன்னிக்கு வேணாம். ஆள் வந்து ஜன்னல்ல நின்னதுக்கப்புறம் விதியை மாத்தக் கூடாது. அவனும் அதைத்தானே பண்றான்? வரிசையைப் பார்த்து விலையை மாத்தறான். நாம ஆளைப் பார்த்து விதியை மாத்தினா, இந்தச் சுவருக்கு உள்ள நிக்கறவனுக்கும் வெளிய நிக்கறவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"உங்க ஜன்னலே போயிடும்மா."

"போனா போகட்டும் சார். நேர்மையா நடந்துட்டுப் போகட்டும்." தொப்பியின் பக்கம் திரும்பினார். "ஒரு டிக்கெட்டுக்கு ஒரு படிவம். அஞ்சு கேள்வி. ஒண்ணு விட்டிருந்தாலும் வாங்க மாட்டேன். இன்னிக்கு வந்த எல்லாருக்கும் அதான். தம்பி, எழுதுங்க."

இருநூற்றுப் பதினாலு படிவம்! ஜன்னல் மூட இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. வெளியே வரிசைக்குச் செய்தி எப்படித்தான் போனதோ, "டிக்கெட் வந்துடுச்சு டோய்!" என்று ஒரு குரல் கிளம்பி, அரங்கத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி, மறுபக்கமாக எங்களிடமே திரும்பி வந்தது. முதல் படிவத்தை எடுத்தேன். பெயர், முகவரி, டிக்கெட் எண், கொடுத்த விலை. தொப்பி கடகடவென்று சொன்னார். ஐந்தாவது கேள்விக்கு வந்தேன்: இந்த டிக்கெட்டை யாரிடமிருந்து, எப்போது பெற்றீர்கள்?

தொப்பி நிறுத்திக்கொண்டார். "அது மட்டும் விட்டுடுங்க தம்பி."

"விட முடியாது" என்றார் அக்கா. "மத்தியானம் ஒரு டாக்டர் வந்தார், மச்சான் பிறந்தநாளுக்குக் குடுத்ததுன்னு எழுதினார். உங்களுக்கும் அதே கேள்விதான்."

"அப்ப எனக்கும் மச்சான் குடுத்ததுன்னே போட்டுக்குங்க."

"தாராளமா. கையெழுத்துக்கு மேல சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு. தம்பி, படிச்சுக் காட்டுங்க."

படித்தேன்: "பொய்யான தகவல் ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம் வரை சிறை." வாய் சும்மா இருக்காமல் கணக்கையும் போட்டுவிட்டேன். "இருநூத்திப் பதினாலுக்கு, அம்பத்து மூணு வருஷம் ஆறு மாசம் வருதுண்ணே."

"அந்த ஆறு மாசத்தையாவது தள்ளுபடி பண்ணுங்கப்பா" என்றார் பின்னால் நின்ற ஒருவர். தொப்பி அவரை முறைத்தார்.

பதினோரு நிமிஷத்தில் தீர்ந்த டிக்கெட் இவர் கைக்கு இருநூறு வந்தது எப்படி? அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் அந்த அறையில் யாருமில்லை. நிகழ்ச்சி நடத்துகிறவர்களின் அலுவலகத்திலிருந்தே, விற்பனை திறப்பதற்கு முன்னாலேயே, பின்வாசல் வழியாகக் கட்டுக் கட்டாக வெளியே போகும். பத்தொன்பது வருஷமாக அக்காவுக்குத் தெரியும். தெரிந்து என்ன? எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. வாங்குகிறவன் சொன்னால்தான் உண்டு. வாங்குகிறவன் சொன்னால் அடுத்த முறை அவனுக்குக் கட்டு கிடைக்காது.

தொப்பி கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தார். மூன்றாவது முறை இரண்டே மணியில் அந்தப் பக்கம் துண்டித்துவிட்டார்கள். தொப்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது ஜன்னலில் வரிசை தாளம் போட்டுக் கத்த ஆரம்பித்திருந்தது. மணி நான்கு.

"வீட்டுல ரெண்டு நகையை வெச்சு எடுத்த கட்டு இது" என்று தொப்பி மெதுவாகச் சொன்னார். "திருப்பி எடுத்துக்கடான்னு காலையில இருந்து கூப்பிடறேன். நேத்து வரைக்கும் அண்ணே அண்ணேன்னு குழைஞ்சவன், இன்னிக்கு போனை எடுக்க மாட்டேங்கறான்." தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அவருக்கு வழுக்கை இருப்பதை அன்றுதான் பார்த்தேன். "அவன் எனக்கென்ன மாமனா மச்சானா? எழுதுங்க தம்பி. நல்லா கொட்டை எழுத்துல எழுதுங்க!"

எழுதினேன். நிகழ்ச்சி மேலாளரின் பெயர், அறை, தேதி. பொது விற்பனை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு. தொப்பி கையெழுத்துப் போட்டார். அக்கா தாளை வாங்கி, ஐந்தாவது பதிலைப் படித்து, முத்திரையை வைத்தார். வைத்த கை ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு, "அடுத்தது" என்றார்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு விரல் துடிக்கிறது. நான் ஒரு பக்கம் எழுத, கணினி ஊழியர் எண்ணை ரத்து செய்ய, அச்சு இயந்திரம் கடகடவென்று புது டிக்கெட்டைத் துப்ப, அக்கா இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் பந்து மாதிரி ஓடினார். கை போதவில்லை. மேலதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து தானே எழுத ஆரம்பித்தார். தொப்பியின் ஆட்களில் இருவர், "எங்களுக்கும் எழுதத் தெரியும் சார்" என்று படிவம் கேட்டு வாங்கித் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு கூச்சல். ஒரு பையன் டிக்கெட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடினான். ஒரு கணவனும் மனைவியும், யார் உள்ளே போவது என்று சண்டை போட்டு, அடுத்த டிக்கெட்டும் கிடைத்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"நூத்தி எண்பத்தெட்டு!"

"நான்தான், நான்தான்!" என்று குதித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள் அந்தப் பெண்.

"அடையாள அட்டை" என்றார் அக்கா.

"அம்மா!"

"அடையாள அட்டை."

வரிசை வெடித்துச் சிரித்தது. "பெத்தவளுக்கே ஆதாரம் காட்டணுமா?" என்று யாரோ கத்தினார்கள். மகள் பையைக் குடைந்து கல்லூரி அட்டையை எடுத்து நீட்டினாள். அக்கா புகைப்படத்தையும் முகத்தையும் ஒரு முறைக்கு இரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, டிக்கெட்டைக் கொடுத்தார். "நல்லா பார்த்துட்டு வாங்க. அடுத்து, நூத்தி எண்பத்தொன்பது!"

ஐந்தரைக்கு ஜன்னல் மூடியபோது தட்டில் ஒரு டிக்கெட்கூட மிச்சமில்லை. வரிசையில் இன்னும் முந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அக்கா உள்ளிருந்து பலகையை இழுத்து மூடிவிட்டுப் போகவில்லை. வெளியே போய், வழக்கம் போல வாலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கும்பலிடமும் நின்று, "தீர்ந்துடுச்சுப்பா, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்சம் பேர் திட்டினார்கள். நிறைய பேர், "அடுத்த தடவை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?" என்று கேட்டார்கள்.

அவர் திரும்பி வரும்போது மேலதிகாரி படிவக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பதினாலு தாள், பல பேர் கையெழுத்து, ஒரே பதில். "அம்மா, இதை இத்தனை வருஷமா நாம..." என்று தொடங்கியவர் மறுபடி முதல் தாளுக்கே திரும்பினார். "மெதுவா படிங்க சார். டீ வருது" என்றார் அக்கா.

அறிக்கை மூன்றாம் நாள் போனது. குழு ஜன்னலை நிரந்தரமாக்கியது. ஒருவர் நான்கு டிக்கெட்டுக்கு மேல் திருப்பிக் கொடுக்க முடியாது என்ற வரியை அக்கா கச்சேரிக்கு மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அதுவும் விதி. நிகழ்ச்சி நடத்திய நிறுவனத்தின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, விசாரணை நடக்கிறது. தொப்பி அதில் முதல் சாட்சி. தேநீர்க் கடையில் யாராவது அவரைப் பழைய தொழிலைச் சொல்லிக் கூப்பிட்டால், "மரியாதையாப் பேசு, நான் அரசுத் தரப்பு" என்கிறாராம். அவருடைய மனைவி நகைகளை மீட்டுவிட்டார்.

அக்கா இன்னும் அதே பதவியில், அதே ஒன்பதாம் எண் அறையில்தான் இருக்கிறார். வாரக் கடைசியில் சைக்கிள் டோக்கன் அறைக்கு வந்துவிடுகிறார். இப்போது அங்கே மூன்றாவது ஜன்னல் வருகிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு மற்ற இரண்டும் உயரம் என்று ஒருவர் மனு கொடுத்திருந்தார். போன வெள்ளிக்கிழமை நான் போனபோது தச்சர் சுவரில் ஓட்டை வெட்டி, பலகை வரும் இடத்தில் கோடு போட்டுவிட்டு, "இந்த உயரம் போதுமா மேடம்?" என்று கேட்டார். அக்கா உள்ளே இருந்து வெளியே வந்தார். சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். புதிதாக வெட்டிய ஓட்டைக்குள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, "ரெண்டு குடுங்க" என்றார்.